பச்சை டிக் விழுந்தால் ஆங்கிலம் வந்துவிடுமா?

சிதம்பரத்தில் ரயிலேறி கடலூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போனவர்களுக்கு கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் மனப்பாடம். அந்தப் பாசஞ்சர் ரயிலில் ஒருநாள் என் வகுப்புத் தோழன் சொன்னான்: "லேப்ல எனக்குத் தொண்ணூறு மார்க்கு மச்சி. இன்டர்வியூல 'உன்னப் பத்திச் சொல்லு'ன்னாங்க. ஒரு வார்த்தை வரல."

தொண்ணூறு போட்டது மொழி ஆய்வகக் கணினி. அது பொய் சொல்லவில்லை. அவன் பச்சை டிக் வாங்கியது உண்மை. எப்படி வாங்கினான்? நான்கு விடைகளில் ஒன்றை அமுக்குவான். சிவப்பு வந்தால் அடுத்தது. பச்சை வந்ததும் அடுத்த கேள்வி. நானும் அப்படித்தான் முடித்தேன். நீங்களும் அப்படித்தான் முடித்திருப்பீர்கள்!

மாணவன் சோம்பேறி என்பார்கள். நான் மறுக்கிறேன். "தெரிந்து அமுக்கினாயா, குத்துமதிப்பா?" என்று ஒருமுறைகூடக் கேட்காத பாடத்தின் மேல்தான் குற்றம்.

எனக்கு எது தெரியும், எது தெரியாது, எப்படிப் படித்தால் மண்டையில் ஏறும் என்று தன் சிந்தனையைத் தானே கவனிப்பதற்கு, அமெரிக்க உளவியலாளர் ஜான் ஃபிளேவல் 1970-களில் 'மெட்டாகாக்னிஷன்' என்று பெயர் வைத்தார். பெயர்தான் பெரிசு. விஷயம் எளிது. அது இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு குழு முதலில் மட்டும் படித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து மூன்று தடவை எழுதியது. "எங்களுக்கு நன்றாக நினைவிருக்கும்" என்று அதிகம் நம்பியது முதல் குழு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அவர்கள் நினைவில் நின்றது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கோ 61! தெரியும் என்ற நினைப்பு வேறு, தெரிவது வேறு. பச்சை டிக் வளர்ப்பது அந்த நினைப்பைத்தான்.

"சிலபஸ் முடிக்கவே நேரமில்லை, இதற்கெல்லாம் ஏது நேரம்?" என்று கேட்பார்கள். தலையில் ஏறாத சிலபஸை யாருக்காக முடிக்கிறீர்கள்? "அதான் சாட்ஜிபிடி வந்துவிட்டதே" என்பார்கள் சிலர். 2022 நவம்பரில் வந்தது. நம் அரைகுறை வாக்கியத்தை நொடியில் திருத்தித் தருகிறது. "நான் சொல்ல நினைத்ததும் இதுதான்" என்று நாமும் தலையாட்டுகிறோம். ஏமாற்றம் இன்னும் பெரிதாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் புது சாஃப்ட்வேர் வேண்டாம். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். விடையை அமுக்கும் முன் 'தெரியும்', 'சந்தேகம்', 'குருட்டடி' என்று ஏதாவது ஒன்றை எழுதுங்கள். குருட்டடியில் விழுந்த பச்சையைத் தப்பு என்றே எண்ணிக்கொள்ளுங்கள். தவறினால் ஏன் என்று ஒரு வரி. உதாரணமாக: "'டிஸ்கஸ் அபௌட்' என்று போட்டேன். மனதில் 'அதைப் பற்றி' என்று தமிழில் ஓடியதால் 'அபௌட்' தானாக ஒட்டிக்கொண்டது." இந்த ஒரு வரி நூறு டிக்குக்குச் சமம். அதைத் தமிழிலேயே எழுதலாம். ஆய்வகத்தில் தமிழ் பேசினால் அபராதம் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். நாம் சிந்திக்கிற மொழியைப் பூட்டிவிட்டுச் சிந்தனையை எப்படிக் கவனிப்பது?

மொழியியலுக்குப் பேர்போன அண்ணாமலைப் பல்கலைக்கழகம் சிதம்பரத்திலேயே இருக்கிறது. மொழி கற்பது எப்படி என்று ஆராய்கிறவர்களின் பேச்சு, சுற்றுவட்டாரக் கல்லூரிகளின் ஹெட்போன் வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

டவுனில் வசதியான வீட்டுப் பிள்ளை தப்பாகப் பேசினால் திருத்த வீட்டில் ஆளுண்டு. என் தோழனின் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவன் அவன்தான். அவனுக்கு இருந்தது அந்தக் கணினி ஒன்றுதான். அதுவும் அவனிடம் "உனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டது.

அவனை ஏமாற்றியது யார்? சிந்தியுங்கள்.