சயனைடு மேட்டில் சூரிய உதயம்

அந்தரகங்கையிலும் நந்தி மலையிலும் விடியுமுன் ஏறிக் கதிரவன் எழுவதைக் காண்போர் காணட்டும். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. கோரமண்டல் பக்கத்துச் சயனைடு மேட்டின் உச்சியில் நின்று எடுத்த படத்தை ‘மலையேற்றம்’ என்று பதிவிடும் ஆய்வு மாணவர்களோடும், அதற்கு ‘இடிபாட்டின் அழகியல்’ என்று விளக்கவுரை வழங்கும் பேராசிரியர்களோடும்தான் வழக்கு.

அது மலையன்று. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கி, பின்னர் மைசூர் அரசும் ஒன்றிய அரசும் தொடர்ந்து நடத்திய சுரங்கங்களிலிருந்து மேலே வந்த பாறையை ஆலையில் மாவாக அரைத்து, சயனைடுக் கரைசலால் தங்கத்தைப் பிரித்தெடுத்தபின் கொட்டிய எச்சம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியஸைத் தாண்டும். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும், பெரும்பாலோர் தலித்துகள், அங்கே இறங்கி உடைத்தனர். உங்கள் காலடியில் சரியும் ஒவ்வொரு பிடிப் பொடியும் ஒருவர் கையால் மேலே அனுப்பப்பட்டது.

பெயரில் உள்ள சயனைடுதான் வருவோரை அச்சுறுத்துகிறது. சிலருக்கு அதுவே கவர்ச்சியாகவும் இருக்கிறது. சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் பெருமளவு சிதைந்துவிடும். சிதையாதது குவார்ட்சுத் தூள். நுண்ணிய சிலிக்கா நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிகோசிஸ் நோய்க்கு இன்றும் தீர்வு இல்லை. 1940களில் இச்சுரங்கங்களின் 7,653 தொழிலாளரைப் பரிசோதித்தபோது, ஐவரில் இருவருக்கும் மேலானோரிடம் அது காணப்பட்டது. (1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோ கண்டறியப்பட்டதை நம் இயற்பியல் மாணவர்கள் பெருமையோடு சொல்வர். அந்த ஆழத்துக்குள் பாறை உடைத்தவர் நுரையீரலைப் பற்றி எவரும் அவர்களிடம் கேட்பதில்லை.) காற்று வலுக்கும் மாதங்களில் மேட்டின் பொடி பறந்து லைன் வீடுகளின் சோற்றுப் பானைவரை வருகிறது. ஒரு விடியற்காலை நடந்துவிட்டுத் திரும்புவோருக்கு அது காலணியில் ஒட்டிய மண். அங்கே குடியிருப்போருக்கு அது மூச்சு.

“பார்க்க வருவோரால்தான் ஊர் வெளியுலகுக்குத் தெரிகிறது” என்பர். தங்கவயல் எப்போது தெரியாமல் இருந்தது? 1902இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் இங்கே வந்தது. பெங்களூர் நகரத்துக்கு அது வந்தது அதன்பின்தான். 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராக இங்குள்ள தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். பிற்காலத்தில் திரைப்படங்களும் வந்தன. அறிமுகத்தால் ஆகக்கூடியதெல்லாம் ஆகிவிட்டது.

விடியல்தான் வேண்டுமென்றால் மேட்டைவிட்டு இறங்கிக் கோரமண்டல் ரயில் நிலையத்துக்கு வாருங்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபின் இவ்வூருக்குப் பிழைப்பு பெங்களூராயிற்று. மாரிகுப்பத்திலிருந்து இருட்டிலேயே புறப்படும் வண்டியில் நின்றபடி ஏறுபவர்கள் தூங்கியெழும்போது கதிரவன் எழுந்து வெகுநேரமாகியிருக்கும். அவர்கள் வீடு திரும்புவதும் இருட்டியபின்தான். தம் ஊரின் பகலை ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் காணும் ஒரு தலைமுறையை எந்தக் ‘காலமும் வெளியும்’ கருத்தரங்கும் இதுவரை தலைப்பாக்கியதாக நான் கேள்விப்படவில்லை.

மேட்டை மலையாகப் பார்ப்பது ஒரு வகை என்றால், தாதுவாகப் பார்ப்பது மறுவகை. 2024 ஜூனில், 1,003 ஏக்கரில் பரவிய 13 மேடுகளைச் சுரங்கப் பணிக்கு ஏலம் விடும் ஒன்றிய அரசின் திட்டத்துக்குக் கருநாடக அமைச்சரவை இசைவளித்தது. ஏறத்தாழ 3.3 கோடி டன் பொடி மீண்டும் தோண்டப்படப் போகிறது. மண்வாரி இறங்குமுன் லைன் வீடுகளில் நுரையீரல் பரிசோதனை நடக்குமா, தூசியை அளக்கும் கருவி கோரமண்டலில் நிறுவப்படுமா, வேலையில் முதல் உரிமை எவருக்கு? இக்கேள்விகளைத் துறைத்தலைவர் கையொப்பத்துடன் சுரங்க அமைச்சகத்துக்கு எழுதி அனுப்பும் துறை எது? அடுத்த விடுமுறையில் மேட்டுக்குப் பேருந்து ஏற்பாடு செய்திருப்பவர்கள் முதலில் விடை சொல்லட்டும். கடிதத்தின் வரைவை நான் ஆயத்தமாக வைத்திருக்கிறேன்.