பச்சை விளக்கு எரியுதுல்லா தம்பி?

"மேனுவலைப் படிக்கத் தெரியாதவங்க எதுக்கு சார் நாஸ் வாங்கணும்?" இப்படிக் கேட்டவர் நம்மைப் போலவே ஆணி புடுங்கும் நண்பர் ஒருத்தர். இந்தக் கேள்வி மேல எனக்கு ரொம்ப நாளாவே கோபம். இன்னிக்குக் கொட்டித் தீர்த்துடறேன், பொறுத்துக்குங்க :-)

தெரியாதவங்களுக்கு ஒரு வரி. நாஸ்னா வீட்டு ரவுட்டரோட இணைக்கிற ஹார்ட் டிஸ்க் பொட்டி. வீட்டுல இருக்கிற எல்லா போனும் கம்ப்யூட்டரும் அதுல படம் போட்டு வைக்கலாம். 2021 ஜூன் 1-ல் கூகிள் போட்டோஸின் அளவில்லாத இலவச இடம் முடிஞ்சதும் எனக்குத் தெரிஞ்ச பலர் இந்தப் பக்கம் வந்தாங்க. ஊரை விட்டு வந்த குடும்பத்துக்கு இது வெறும் பொட்டி இல்லைங்க. தாத்தா பேசின வீடியோ, வித்துட்ட வீட்டோட படம், ஸ்கேன் பண்ணின பத்திரம் எல்லாம் அதுக்குள்ளதான்.

இங்க மட்டாஞ்சேரியில எங்க தெருவுல ஒரு திருநெல்வேலி அண்ணாச்சி இருக்கார். பஜார் ரோட்டுல மிளகு, ஏலக்காய் வியாபாரம். ஷார்ஜாவுல இருக்கிற பையன் லீவுல வந்தப்போ ரெண்டு டிஸ்க் போட்ட பொட்டி ஒண்ணை வாங்கி மாட்டிட்டுப் போயிருக்கான். போன மாசம் "கல்யாணப் படம் திறக்க ரொம்ப நேரம் ஆவுது, ஒரு எட்டு வந்து பாருங்க தம்பி"ன்னு கூப்பிட்டார். பார்த்தா, ரெண்டு டிஸ்க்குல ஒண்ணு செத்து மூணு மாசம்!

"முன்னால பச்சை விளக்கு எரியுதுல்லா தம்பி, பொறவு என்ன?"

பச்சை விளக்கு கரண்ட் இருக்குன்னு சொல்ற விளக்கு. டிஸ்க் செத்ததைச் சொல்ற ஆரஞ்சு விளக்கு கடுகளவுல பக்கவாட்டுல சுவரைப் பார்த்துக்கிட்டு எரியுது. உள்ளே நுழைஞ்சு பார்த்தா "வால்யூம் 1: டிகிரேடட்"னு ஒரு வரி. சரி, மெயில் அனுப்பியிருக்கலாமே? அனுப்பும், எஸ்.எம்.டி.பி. சர்வர், போர்ட் நம்பர், தனி பாஸ்வேர்ட் எல்லாம் கொடுத்திருந்தா. அந்தப் பக்கத்துலயே "பிறகு பார்க்கலாம்"னு ஒரு பொத்தானையும் வச்சிருக்காங்க. யார்தான் அதை அழுத்த மாட்டாங்க? கையில அள்ளிப் பார்த்தே மிளகோட தரம் சொல்ற மனுஷன் அண்ணாச்சி. அவரை முட்டாள்னு சொல்ல நமக்கு வாய் வருது.

என்னோட வாதம் இதுதான். இந்தப் பொட்டிகளை வாங்கின முதல் நாளுக்காக மட்டும் வடிவமைக்கிறாங்க. முதல் நாள் இப்பல்லாம் அருமையாத்தான் இருக்கு, ஒத்துக்கிறேன். போன்ல ஆப் போட்டா அதுவே பொட்டியைத் தேடிப் பிடிக்குது. டிஸ்க் சாகிற அன்னிக்கு, பையன் ஊர்ல இல்லாத அன்னிக்கு திரையில என்ன எழுதணும்னு யாரும் யோசிக்கலை. "ஒரு டிஸ்க் போயிடுச்சு. இன்னொண்ணும் போனா எல்லாப் படமும் போயிடும். இந்த அளவுல புதுசு வாங்கி இடது பக்கம் போடுங்க"ன்னு மூணு வரி எழுத என்ன ராக்கெட் விஞ்ஞானமா வேணும்? பொட்டிக்கு இது மூணுமே தெரியும், சாமி.

இன்னொரு கூத்து, ரெண்டு டிஸ்க்குலயும் ஒரே நகல் வைக்கிற ரெய்டு முறையைப் "பாதுகாப்பு"ன்னு திரையில போடறது. பேரன் தெரியாம ஒரு போல்டரை அழிச்சா அடுத்த நொடியே ரெண்டு டிஸ்க்குலயும் அழியும். அதை அந்தத் திரை சொல்றதில்லை.

மொழி விஷயத்துக்கு வரேன். அண்ணாச்சி பொட்டியில தாய், துருக்கி, செக் எல்லாம் இருக்கு. தமிழ் இல்லை, மலையாளம் இல்லை, ஹிந்திகூட இல்லை. சரி, கோப்புக்காவது தமிழ்ல பேர் வைக்கலாம்னா அங்கயும் ஒரு வினை. யூ.டி.எஃப்-8 முறையில தமிழ்க் குறி ஒவ்வொண்ணுக்கும் மூணு பைட். "கல்யாணம்"னு எழுதினா புள்ளி, கால் எல்லாம் சேர்த்து எட்டுக் குறி, 24 பைட். இகிரிப்ட்எஃப்எஸ் முறையில பூட்டின போல்டர்ல ஒரு பேருக்கு 143 பைட்தான் இடம். இங்கிலீஷ்காரருக்கு 143 எழுத்து, நமக்கு 47 குறி. "பெரியம்மா பெரியப்பா அறுபதாம் கல்யாணம் திருக்கடையூர்"னு வச்சா பொட்டி ஏத்துக்காது. ஏன்னும் புரியற மாதிரி சொல்லாது.

யாருக்கு எது தெரியணும்ங்கிறது அடுத்த தலைவலி. இங்க பக்கத்துல ஃபோர்ட் கொச்சி வேலியில தோபி கானா இருக்கு. டச்சுக்காரங்க காலத்துல துணி வெளுக்கக் கொண்டுவந்த தமிழ்க் குடும்பங்களோட வழிவந்தவங்க நடத்தறது. எத்தனை வீட்டுத் துணி வந்தாலும் ஒரு குறி, அவ்வளவுதான், யாரோடது யாருக்குன்னு தீர்ந்தது. நாஸ்ல "மருமகள் படத்தை மாமனார் பார்க்க வேண்டாம்"னு சொல்ல யூசர், குரூப், ஷேர் பர்மிஷன்னு மூணு திரை ஏறி இறங்கணும்.

இதெல்லாம் சின்ன அசௌகரியம்னு நினைக்காதீங்க. 2021 ஜூன்ல வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பொட்டிகளை உலகம் பூரா யாரோ இன்டர்நெட் வழியா ஃபேக்டரி ரீசெட் பண்ணி, குடும்பப் படங்களைக் கூண்டோட அழிச்சாங்க. ரீசெட்டுக்கு முன்னால பாஸ்வேர்ட் கேட்கிற வரிகளையே நிரல்ல முடக்கி வச்சிருந்தது அப்புறம்தான் வெளியே வந்தது. அந்த மாடலுக்கு அப்டேட்டை 2015-லயே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறமும் ஆறு வருஷம் வீடுகள்ல அதோட விளக்கு வழக்கம்போல எரிஞ்சுக்கிட்டுதான் இருந்தது.

"நிபுணர்களுக்கு எல்லா வசதியும் வேணுமே"ன்னு நண்பர் சொல்லுவார். வேணும், நானும் அந்த ஜாதிதான். அதை ஒரு கதவுக்குப் பின்னால வைங்க. முன் ஹால்ல மூணே பதில் இருக்கட்டும்: படம் பத்திரமா, வேற எங்க நகல் இருக்கு, யார் பார்க்கலாம்.

வெளியூர்ல இருந்து அப்பா அம்மாவுக்கு இதை வாங்கி மாட்டற பிள்ளைகள் கிளம்பறதுக்கு முன்னால மெயில் அறிவிப்பை உங்க முகவரிக்கே போட்டு, ஒரு சோதனை மெயில் வருதான்னு பாருங்க. ஒரு டிஸ்க்கை உருவிப் பொட்டி என்ன சத்தம் போடுதுன்னு கேட்கலாம்தான், ஆனா திரும்ப மாட்டினா மறுபடி எல்லாத்தையும் நகலெடுக்கும். அதனால படம் ஏத்தறதுக்கு முன்னாலயே செஞ்சுடுங்க. அண்ணாச்சி வீட்டுப் பொட்டியைச் சுவரைப் பார்த்த பக்கம் ஹாலைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வச்சிட்டு, மேல ஒரு சீட்டு ஒட்டிட்டு வந்தேன்: "ஆரஞ்சு எரிஞ்சா எனக்கு போன் பண்ணவும்."