கேள்விக்குப் பதில் வழக்கா?

பெருங்கம்பனிகள் மக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வதில்லை என்று பலர் குறைகூறுவதுண்டு. அது சரியல்ல. அவை பதில் சொல்கின்றன, தாராளமாகவே சொல்கின்றன. கேட்ட கேள்விக்கு மட்டும் சொல்வதில்லை. காலநிலை மாற்றம் பற்றி எண்ணெய்க் கம்பனிகள் அளித்துவந்த பதில்களே இதற்குச் சான்று.

1977இல் எக்ஸொன் நிறுவனத்தின் விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக், நிலக்கரியையும் எண்ணெயையும் எரிப்பதால் காலநிலை மாறக்கூடும் என்று அதன் உயர் நிர்வாகிகளிடம் எடுத்துரைத்தார். பின்னர் அந்நிறுவன விஞ்ஞானிகள் செய்த வெப்பநிலை எதிர்வுகூறல்களில் 63 முதல் 83 சதவீதமானவை சரியாக இருந்தன என்று 2023இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, உள்ளே தெரிந்திருந்தது.

வெளியே சொன்னது வேறு. 1997இல் பீஜிங்கில் உரையாற்றிய எக்ஸொன் தலைவர் லீ ரேமண்ட், இருபது ஆண்டுகளுக்கு முன்பிருந்ததைவிடப் பூமி குளிர்ந்திருப்பதாகச் சொன்னார். மொபிலுடன் இணைந்த பின்னர், 2000இல், விஞ்ஞானம் இன்னும் முடிவாகவில்லை என்று பொருள்படும் தலைப்பில் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகையில் அந்நிறுவனம் கட்டுரை வடிவில் விளம்பரம் வெளியிட்டது. காசு கொடுத்து வாங்கிய இடத்தில் கருத்தின் வேடம்! பத்திரிகைத் தொழிலுக்கும் இதில் பங்குண்டு.

தமது விஞ்ஞானிகள் ஆய்வுகளைப் பகிரங்கமாகவே வெளியிட்டனர், எதையும் மறைக்கவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். வெளியிட்டது உண்மைதான். நிபுணர் சிலர் படிக்கும் சஞ்சிகையில் உண்மை, இலட்சக்கணக்கானோர் படிக்கும் பத்திரிகையில் ஐயம் என்றால், அதற்குத் தமிழில் இரட்டை நாக்கு என்றுதான் பெயர்.

பி.பி. நிறுவனத்தின் வழி இன்னும் நயமானது. 2004இல், ஒவ்வொருவரும் தத்தமது காபன் தடத்தைக் கணிக்கும் கருவியொன்றை அது இணையத்தில் வைத்தது. 'உமது எண்ணெய்க் கிணறுகளின் கணக்கு என்ன?' என்று கேட்டவரிடம் 'உமது வீட்டு மின்விளக்கின் கணக்கு என்ன?' என்று திருப்பிக் கேட்டது. நாமும் பெற்றோல் எரிக்கிறோம், மறுப்பதற்கில்லை. அதற்காகக் குடிப்பவனும் சாராய ஆலை முதலாளியும் சமமாகிவிடுவார்களா?

பிறகு வாக்குறுதிக் காலம் வந்தது. எண்ணெய், எரிவாயு உற்பத்தியை 2030இற்குள் 40 சதவீதம் குறைப்பதாக 2020இல் பி.பி. அறிவித்தது. 2023இல் அது 25 சதவீதமாகச் சுருங்கியது. 2025இல் அந்த இலக்கே கைவிடப்பட்டது.

இன்னொரு பதில் நீதிமன்றம். உமிழ்வைக் குறைக்கும் இலக்குகளை விரைவுபடுத்துமாறு பங்குதாரர்களான ஆர்ஜுனா கெப்பிட்டல், ஃபொலோ திஸ் ஆகிய இரு அமைப்புகளும் பிரேரணை கொண்டுவந்தன. 2024 ஜனவரியில் எக்ஸொன்மொபில் அவற்றின்மீது வழக்குத் தொடுத்தது. பிரேரணை மீளப்பெறப்பட்ட பின்னரும் வழக்கைக் கைவிடவில்லை. இனி இத்தகைய பிரேரணை கொண்டுவரமாட்டோம் என்று ஆர்ஜுனா உறுதியளித்த பின்னரே, ஜூனில் நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். வழக்கு முடிந்தது, கேள்வியும் முடிக்கப்பட்டது.

பங்கு வைத்திருப்பவருக்கே இந்தக் கதியென்றால், கடல் அரித்த கரையில் நிற்பவன் யாரிடம் கேட்பான்? ஆகவே வாசகர்களே, பச்சை இலை அச்சிட்ட அறிக்கை கையில் கிடைத்தால் மூன்றே விடயங்களைத் தேடுங்கள்: இவ்வாண்டு எத்தனை பீப்பாய் எடுத்தார்கள்? அடுத்த ஆண்டு எத்தனை எடுப்பார்கள்? அதைச் சரிபார்க்கும் வெளியார் யார்? இவற்றுக்கு இலக்கத்திலும் பெயரிலும் பதில் இல்லையென்றால், அந்த அறிக்கையை விளம்பரமென்றே கொள்ளுங்கள்.