மறைக்காதீங்க, போட்டோ எடுங்க! வெண்புள்ளி சிகிச்சையில் கைகொடுக்கும் செல்போன்

ராஜபாளையமோ, ஸ்ரீவில்லிபுத்தூரோ... எந்த ஊர்க் கல்யாண வீடானாலும் இதைப் பார்க்கலாம். குடும்ப போட்டோவுக்குக் கூப்பிட்டதும், கையில் வெண்புள்ளி உள்ள பெண் பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவார். முந்தானை கையை மூடிக்கொள்ளும். அவர் பயந்து ஒதுங்கும் அதே கேமரா, தோல் மருத்துவரின் அறையில் அவருக்குத் தைரியம் சொல்லும்!

கண்ணுக்குத் தப்பும் மாற்றம்

தோலுக்கு நிறம் தரும் செல்களை உடலின் எதிர்ப்பு சக்தியே அழிப்பதால் வருவது வெண்புள்ளி. இது தொழுநோய் அல்ல, தொட்டால் ஒட்டாது. 'வெண்குஷ்டம்' என்ற சொல்லையே தமிழக அரசு கைவிட்டுவிட்டது.

களிம்பு, ஒளி சிகிச்சை எதுவானாலும் பலன் தெரியச் சில மாதங்கள் ஆகும். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் புலப்படாது. "ஒண்ணுமே குறையலை டாக்டர்" என்று பாதியில் விட்டுவிடுவார்கள். அப்போது முதல் நாள் படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே காட்டினால் விஷயம் புரியும். வெள்ளைத் திட்டுக்குள், முடி வேர்களைச் சுற்றி மிளகுத்தூள் தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள். நிறம் திரும்புவதன் அடையாளம் அது! முடியில்லாத உதடு, விரல் நுனிகளில் பலன் தாமதமாவதும் இதனால்தான். திட்டு பரவியிருந்தால் படம் அதையும் மறைக்காது. சிகிச்சையை மாற்ற உதவும்.

வீட்டில் எடுப்பது எப்படி?

* மாதம் ஒருமுறை, அதே இடம், அதே நேரம், ஜன்னல் வெளிச்சம்.
* பியூட்டி ஃபில்டர் கூடாது, ஃபிளாஷ் வேண்டாம்.
* பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்தால் அளவு தெரியும்.
* தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்தில் ஒன்று.

2020-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, படம் அனுப்பியும் மருத்துவரிடம் ஆலோசனை கேட்கலாம். ஒவ்வொரு முறையும் மதுரைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஆனால், முதல் பரிசோதனைக்கு நேரில் போவதே நல்லது.

படம் உங்களுடையது

மருத்துவமனையில் படம் எடுக்கும்முன் உங்கள் சம்மதம் கேட்க வேண்டும். எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். முகம் தேவையில்லை என்றால் தவிர்க்கச் சொல்லலாம். வேண்டாம் என்று மறுத்தாலும் சிகிச்சை கிடைக்க வேண்டும். குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போட்டுவிடாதீர்கள். பத்து பேர் பத்து வைத்தியம் சொல்வார்கள்!

'பலனே இல்லை' என்று மருந்தை நிறுத்தத் தோன்றுகிறதா? நிறுத்துவதற்கு முன், முதல் மாதப் படத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.