எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள் பரீட்சை எழுதக்கூடாதா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடு எழுதுகிறேன். பாதிக் கோபம் உங்கள் மேல், மீதி என் மேல்.

போன வாரம் ஒரு காதுகுத்து வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். என்னிடம் படித்த பெண் ஒருத்திக்கு குரூப் 4 தேர்வுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன் என்றேன். அவளுக்கு டிஸ்லெக்ஸியா இருக்கிறது, அதனால் வேறு மாதிரி சொல்லித் தர வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். "எழுத்துக்கூட்டிப் படிக்கிறவளுக்கு கவர்மெண்டு வேலையா அத்தை?" என்றான் ஒருவன். "அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு வர்றது டீச்சர். முப்பத்தி நாலு வயசுல அது வெறும் சாக்கு" என்று சொன்னது யார் தெரியுமா? என்னிடமே படித்து இன்றைக்கு ஆசிரியராக இருக்கிற பிள்ளை. விசேஷ வீட்டில் சண்டை வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். இங்கே பேசுகிறேன்.

அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்ல மாட்டேன். "எழுதுங்க டீச்சர், பேரு மட்டும் வேணாம்" என்று சொல்லியிருக்கிறாள். 1999-ல் மூன்றாம் வகுப்பில் என்னிடம் படித்தாள். கணக்கை வாயால் சொன்னால் விரல் மடக்காமல் விடை சொல்வாள். கதை சொன்னால் மறுநாள் ஒன்று விடாமல் திருப்பிச் சொல்வாள். புத்தகத்தைக் கையில் கொடுத்தால் மட்டும் வாயடைத்துப் போவாள். கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதினாலும் கொம்பும் காலும் இடம் மாறிக் கிடக்கும். நான் என்ன செய்தேன்? "பேச்சு மட்டும் வக்கணையா வருது, எழுத வரலையா? கொழுப்பு" என்று பெஞ்சு மேல் ஏற்றினேன். ஒரே சொல்லை ஐம்பது தடவை எழுதி வரச் சொன்னேன். ஐம்பது தடவையும் தப்பாகவே எழுதி வந்தாள். அதற்கும் அடித்தேன். ஐம்பது தடவை எழுதுகிற பிள்ளை எப்படிச் சோம்பேறியாக இருக்க முடியும் என்று ஒரு நிமிஷம் நான் யோசிக்கவில்லை.

பத்தாம் வகுப்பை இரண்டாவது முயற்சியில் தேறினாள். கல்யாணம், இரண்டு பிள்ளைகள், வீட்டிலேயே தையல். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் மகனுக்கு, அவனும் மூன்றாம் வகுப்பு, வாசிப்பில் சிரமம் இருப்பதைப் பள்ளிக்கு வரும் சிறப்பாசிரியர் கண்டுபிடித்தார். பரிசோதனைக்கு அனுப்பினார்கள். டிஸ்லெக்ஸியா என்றார்கள். அறிகுறிகளை ஒவ்வொன்றாக அவர்கள் சொல்லச் சொல்ல, "இதெல்லாம் எனக்கும் இருக்கேம்மா" என்று இவள் அழுதிருக்கிறாள். இது குடும்பத்தில் தொடர்ந்து வரக்கூடியது. வயதானால் போய்விடுவதும் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் வருவது என்று சொன்னவர்களுக்கு இதுவே முதல் பதில்.

இது புதிய வியாதியும் இல்லை. 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி மருத்துவ இதழில் எழுதினார். நல்ல புத்திசாலி, வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே இவன்தான் கெட்டிக்காரனாக இருப்பான் என்று அவனுடைய வாத்தியார் சொன்னதாக அதில் இருக்கிறது. அந்த வாத்தியாருக்குத் தெரிந்தது, நூறு வருஷம் கழித்து, ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கிய எனக்குத் தெரியவில்லை. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் "மெல்லக் கற்போர்" என்ற ஒரே சொல். எல்லாப் பிள்ளைகளையும் அந்த ஒரே சாக்கில் போட்டுக் கட்டினோம். உண்மையான சாக்கு அதுதான்.

தமிழ் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். "கெ" என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியில் அது பின்னால் வருகிறது. "கொ" என்றால் ககரத்துக்கு இரண்டு பக்கமும் ஆள். "கௌ" எழுதினால் கடைசியில் நிற்பது ளகரமா, வேறா என்று கண் தடுமாறும். நமக்குப் பழகிவிட்டது. பழகாத கண்ணுக்கு ஒவ்வொரு சொல்லும் ஒரு புதிர். எங்கள் பக்கத்துப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான். காதும் கைகொடுக்காது.

இனி பரீட்சைக்கு வருகிறேன். குரூப் 4-ல் 200 கேள்விகள், மூன்று மணி நேரம். கணக்குப் போடுங்கள், ஒரு கேள்விக்கு 54 விநாடி. அதற்குள் கேள்வியைப் படித்து, விடைகளைப் படித்து, ஓ.எம்.ஆர். தாளில் சரியான எண்ணுக்கு நேராக வட்டத்தைக் கருக்க வேண்டும். ஒரு வரி தப்பினால் பின்னால் வருவதெல்லாம் தப்பு. இவளிடம் கேள்வியை வாசித்துக் காட்டினால் பொது அறிவில் முக்கால்வாசிக்கு உடனே பதில் சொல்கிறாள். அவளே படித்தால் நேரம் முடியும்போது பாதித் தாளில் நிற்கிறாள். அப்படியானால் அந்த மூன்று மணி நேரம் எதை அளக்கிறது? அவள் அறிவையா, அவள் கண் ஓடும் வேகத்தையா?

"கிளார்க் வேலையே வாசிக்கிற வேலைதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். வாசிக்கத் தெரியாதவளை உட்கார வைக்கச் சொல்லவில்லை. அவள் வாசிக்கிறாள், மெதுவாக வாசிக்கிறாள். எந்த அலுவலகத்தில் ஒரு மனுவைப் படிக்க 54 விநாடி மணியடிக்கிறார்கள்? வேகமாகப் படிக்கிறவர்கள் நம் மனுவை எத்தனை மாதம் மேசையில் வைத்திருக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

"கூடுதல் நேரம் கொடுத்தால் மற்றவனுக்கு அநியாயம்" என்பது அடுத்த வாதம். விடை தெரியாதவனை மூன்று நாள் உட்கார வைத்தாலும் விடை தெரியாது. நேரம் அறிவைக் கூட்டாது. இருக்கிற அறிவு தாளுக்கு வந்து சேர வழி விடும், அவ்வளவுதான்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1995-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில் அது இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. ஒன்றிய அரசு 2018-ல் வகுத்த நெறிகளில், 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு மூன்று மணி நேரத் தேர்வில் ஒரு மணி நேரமாவது கூடுதலாகத் தரலாம் என்று இருந்தது. 2021-ல், எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் ஒரு இளைஞர் குடிமைப் பணித் தேர்வுக்குச் சொல்வதை எழுதுபவர் கேட்ட வழக்கில், அந்த 40 சதவீத வரம்பைக் காட்டி அந்த உதவியை மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான வசதியை மறுப்பதே பாகுபாடு என்று சட்டத்திலேயே இருக்கிறது. யாரும் யாருக்கும் பிச்சை போடவில்லை.

சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. சான்றிதழுக்கு இவள் மூன்று முறை அலைந்தாள். "சின்ன வயசுல எடுத்த ரிப்போர்ட் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். எங்கிருந்து வரும்? அந்த ரிப்போர்ட்டுக்கு வழி செய்திருக்க வேண்டியவள் நான். ரேங்க் கார்டில் நான் எழுதியது "கவனம் போதாது".

இப்போது தினமும் காலையில் ஒரு மணி நேரம் உட்காருகிறோம். ஆறிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்குமான பாடங்களை நான் வாசித்து செல்போனில் பதிவு செய்து தருகிறேன். தையல் மெஷின் ஓடும்போது கேட்கிறாள். வரிக்குக் கீழே ஸ்கேல் வைத்துப் படிக்கிறாள். ஐந்து கேள்விக்கு ஒரு முறை நிறுத்தி, கேள்வி எண்ணையும் வட்ட எண்ணையும் விரல் வைத்துச் சரிபார்க்கிறாள். அலை, அளை, அழை மூன்றையும் நாக்கு எங்கே தொடுகிறது, எங்கே மடங்குகிறது என்று வாயால் பழகிய பிறகுதான் எழுதுகிறோம். ஒலி வேறுபாடு, அகர வரிசை, சந்திப்பிழை என்று பாடத்திட்டத்தில் அவளுக்கு ஆகாததெல்லாம் வரிசையாக நிற்கிறது. ஆனாலும் வருகிறாள். ஒரு நாள்கூட விட்டதில்லை. தேறுவாளா என்று எனக்குத் தெரியாது. சோம்பேறி என்று இனி ஒருத்தரும் என் முன்னால் சொல்லக்கூடாது.

என்னிடம் படித்து ஆசிரியர்களானவர்களே, வாய் பேசி, கை எழுத மறுக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருந்தால் பிரம்பை வைத்துவிட்டு, சிறப்பாசிரியரிடம் சொல்லுங்கள். நீங்கள் பார்த்ததைத் தேதி போட்டு எழுதி வையுங்கள். இருபது வருஷம் கழித்து அந்தத் தாள் அவர்களுக்குத் தேவைப்படும். பெரியவர்களுக்கும் மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே அலையவிடாமல் பரிசோதித்துச் சான்று தர வேண்டும். அதற்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வீட்டுக்கு வாருங்கள், காபி தருகிறேன். சொந்தக்காரர்களே, உதவி செய்யாவிட்டாலும் பரவாயில்லை, சிரிக்காதீர்கள்.

அவளிடம் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். பெஞ்சு மேல் நின்றது ஞாபகம் இருக்கிறதா என்றேன். "இருக்கு டீச்சர்" என்றாள். கொஞ்ச நேரம் ஸ்கேலை நகர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு, "நாளைக்கு ஆறரைக்கே வந்திரவா? பையனையும் கூட்டிட்டு வரேன்" என்றாள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்