கேமிங் பி.சி. - ஒரு செட்!

அக்கா பையன் காலேஜ் இரண்டாம் வருடம். கம்ப்யூட்டரில் கேம் விளையாடி, அதை அப்படியே ரெக்கார்ட் செய்து யூடியூபில் போட வேண்டுமாம். அக்கா, சீட்டு எடுத்த பணத்தை என் கையில் கொடுத்து, ‘‘நீயும் கூடப் போடா, ஏமாத்திடப் போறாங்க’’ என்றாள். போனோம், ரிச்சி தெருவுக்கு.

கடைக்காரர் இரண்டே நிமிடத்தில் கொட்டேஷன் போட்டுவிட்டார். ஐ9 பிராசசர், 16 ஜிபி ராம், 8 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, அதிவேக எஸ்.எஸ்.டி., 600 வாட்ஸ் எஸ்.எம்.பி.எஸ்., கலர் கலராக எரியும் ஆறு ஃபேன். தலைப்பு, ‘கேமிங் பி.சி. - ஒரு செட்’. மொத்தம், ஒரு லட்சத்துச் சொச்சம். எந்த கம்பெனி, என்ன மாடல்? மூச்!

நான் வெறும் பி.காம். சிப் சமாசாரமெல்லாம் பையன் சொல்லித் தெரிந்துகொண்டதுதான். ஆனால், ‘மளிகைச் சாமான் - ஒரு பை’ என்று எழுதிக் கொடுத்தால் அது பில் இல்லை என்பது தெரியும்.

‘‘ஐ9 எதுக்குங்க?’’

‘‘ரெக்கார்டிங் பண்ணணும்னா பிராசசர் பெரிசா இருக்கணும் சார்!’’

பழைய கதை. வீடியோவைச் சுருக்கும் வேலையை பிராசசரே செய்தால், அது திணறும். வாஸ்தவம். ஆனால், அந்த வேலைக்கென்றே என்கோடர் என்ற தனிப் பகுதியை, என்விடியா 2012-லிருந்து தன் கிராபிக்ஸ் கார்டுகளில் வைத்து வருகிறது. வேடிக்கை என்னவென்றால், 2020-ல் வந்த ஆனை விலை ஆர்.டி.எக்ஸ். 3090-லும், 2022-ல் வந்த சாதா 3050-லும் இருப்பது ஒரே தலைமுறை என்கோடர். ஆனால், அதே 2022-ல் ஏ.எம்.டி. விட்ட ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டில் என்கோடரே கிடையாது! ரெக்கார்டிங் பாரம் முழுக்க பிராசசர் தலையில். நம்மவர் பில்லில் மூன்றுமே ‘கிராபிக்ஸ் கார்டு - 1’தான்.

அதிவேக எஸ்.எஸ்.டி-யும் ரெக்கார்டிங்குக்குத்தானாம். கணக்குப் போடுவோம். ஃபுல் ஹெச்.டி. வீடியோவை நொடிக்கு 20 மெகாபிட் வீதம் பதிந்தால், 2.5 மெகாபைட். மணிக்கு 9 ஜிபி. சாதாரண ஹார்ட் டிஸ்க்கே நொடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் எழுதும். கேம் சீக்கிரம் திறக்க எஸ்.எஸ்.டி. வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு நடுத்தர வேகமே போதும்.

சரி, பெயரை எழுதிவிட்டால் போதுமா? போதாது. 2016-ல் ஜி.டி.எக்ஸ். 1060 என்று 6 ஜிபி-யில் ஒன்று, 3 ஜிபி-யில் ஒன்று வந்தது. மெமரி மட்டும்தான் குறைவு என்று நினைத்து வாங்கினார்கள். உள்ளே கோர்களும் 1280-க்கு பதில் 1152. 2022-ல் 4080 என்ற பெயரிலும் இதே வேலை. கூச்சல் கிளம்பியதும், அக்டோபரில் 12 ஜிபி கார்டை என்விடியாவே வாபஸ் வாங்கி, 2023 ஜனவரியில் 4070 டிஐ என்று பெயர் மாற்றி விற்றது. கத்தினால் கம்பெனியே இறங்கி வருகிறது. நாம் கடை வாசலில் நின்று ‘மாடல் நம்பர் எழுதுங்க’ என்று கேட்கக் கூச்சப்படுகிறோம்.

கடைக்காரரை மட்டும் திட்டுவதற்கில்லை. நாம் பார்ப்பது கடைசி வரி டோட்டலை. அதில் ஐயாயிரம் குறைக்கச் சொல்லி அடம் பிடிக்கிறோம். அவர் குறைக்கிறார், நாம் பார்க்காத இடத்தில். அந்த இடம் பெரும்பாலும் எஸ்.எம்.பி.எஸ். பெயர் தெரியாத டப்பாவில் 600 வாட்ஸ் என்று ஒரு ஸ்டிக்கர். அது புகைந்தால், சமயத்தில் மதர்போர்டையும் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். வாரன்ட்டி கேட்கப் போனால், ‘எந்த சீரியல் நம்பர் சார்?’ என்பார்கள்.

‘‘பில் போட்டா 18 பர்சென்ட் ஜி.எஸ்.டி. ஏறும், பரவாயில்லையா?’’ என்றார் அவர், ஏதோ எனக்கு உபகாரம் செய்வதைப்போல. எழுந்து வந்துவிட்டோம்.

நாலாவது கடையில்தான் வரிக்கு வரி மாடலும் சீரியல் நம்பரும் போட்டுக் கொடுத்தார்கள். ஐ5, என்கோடர் உள்ள கார்டு, ஒரே 16-க்கு பதில் இரண்டு 8 ஜிபி ராம், பேர் சொல்லும் கம்பெனி எஸ்.எம்.பி.எஸ். ஜி.எஸ்.டி-யோடு சேர்த்தும் முதல் கடையைவிட எட்டாயிரம் கம்மி. ஃபேன் மட்டும் இரண்டுதான். லைட் எரியாது. அதில்தான் பையனுக்கு என் மேல் இன்னும் கோபம்!