தரிசு என்று சொன்னது யார்?

உலகத்தில் மக்கள் உழுதும் மேய்த்தும் பிழைக்கின்ற நிலம் ஏறத்தாழ 480 கோடி ஹெக்டேர். அதில் பயிர் விளைவது சுமார் 160 கோடி. மற்றது மேய்ச்சல் தரை. பண்ணைகளின் தொகை 60 கோடிக்கு மேல். நூற்றுக்கு 84 பண்ணைகள் இரண்டு ஹெக்டேருக்குட்பட்ட துண்டு நிலங்கள். அவை அத்தனையும் சேர்ந்தாலும் மொத்த நிலத்தில் நூற்றுக்கு 12 பங்குதான். நூற்றுக்கு ஒன்றாக உள்ள பெரும் பண்ணைகளிடமோ 70 பங்குக்கு மேல்! 2021-ல் நிபுணர்கள் வெளியிட்ட கணக்கு இது. உள்ள இந்தத் துண்டு நிலத்தின் மீதும் கடல் கடந்து வந்து கண் வைக்கிறார்களே, அதைப் பற்றித்தான் நாம் இன்று பேச வேண்டியிருக்கிறது.

மடகாஸ்கர் தீவின் கதை மறக்கக்கூடியதன்று. 2007-லும் 2008-லும் உலகெங்கும் தானிய விலை தீயாய் ஏறிற்று. அரிசி விற்கும் நாடுகள் ஏற்றுமதிக்குக் கதவடைத்தன, இந்தியாவும் அடைத்தது. வாங்கித் தின்னும் நாடுகளின் கம்பெனிகள் அப்போது ஒரு யோசனை கண்டன: தானியத்தை வாங்குவானேன், நிலத்தையே பிடித்துக்கொண்டால் என்ன? தென்கொரியாவின் தேவூ லாஜிஸ்டிக்ஸ் கம்பெனி மடகாஸ்கரில் 13 லட்சம் ஹெக்டேரை 99 ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டது. அந்நாட்டுச் சாகுபடி நிலத்தில் பாதியளவு என்று அன்று எழுதினார்கள். மக்காச்சோளமும் எண்ணெய்ப் பனையும் போடுவதாகத் திட்டம். குத்தகைப் பணம்? அது கிடையாதாம்! வேலை கொடுப்போம், ரோடு போடுவோம் என்றார்களாம். 2008 நவம்பரில் லண்டன் பத்திரிகை ஒன்று இதை வெளியிட்ட பிறகுதான் அந்நாட்டுக் குடியானவனுக்கே விஷயம் தெரிந்தது.

அந்தத் தீவின் மக்கள் தாய்நாட்டைக் குறிக்க வழங்கும் சொல்லுக்கு 'முன்னோர் மண்' என்று பொருள். அந்த மண்ணைப் பேரம் பேசினார் அதிபர் ரவலோமனானா. கடைசிக் கையெழுத்து விழவில்லை என்று அரசாங்கம் சாதித்துப் பார்த்தது, எடுபடவில்லை. அவர்மீது வேறு ஆத்திரங்களும் இருந்தன என்பது உண்மை. 2009 பிப்ரவரியில் மாளிகைக் காவலர் சுட்டதில் ஊர்வலம் வந்தவர்கள் மாண்டார்கள். மார்ச் 17-ல் அவர் பதவி இழந்தார். அடுத்து வந்த ரஜோலினா, ஒப்பந்தம் ரத்து என்று அறிவித்தார். (அவரும் 2025 அக்டோபரில் தெருவில் திரண்ட இளைஞர்களுக்கும் பட்டாளத்துக்கும் அஞ்சி ஓடினார். அது தனிக் கதை.)

கொரிய மக்கள் பட்டினி கிடக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. தானியம் வேண்டுமா, விளைவித்தவனிடம் விலை கொடுத்து வாங்கட்டும். ஆனால் குத்தகைக்குப் பரிந்து பேசுகிறவர்கள் எப்போதும் ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்: "தரிசு". சும்மா கிடக்கிறது, யாருக்கும் பயனில்லை என்கிறார்கள். நம் கிராமத்துக் கணக்கில் 'புறம்போக்கு' என்று எழுதியிருக்குமே, அந்த நிலத்திலேதானே ஊர் மாடு மேய்கிறது? ஏழை வீட்டு அடுப்புக்குச் சுள்ளி கிடைக்கிறது? காகிதத்தில் பெயரில்லை என்பதால் மண்ணுக்கு மனிதன் இல்லை என்று ஆகிவிடுமா? ஆப்பிரிக்காவில் பெரும்பாலான குடியானவர்களுக்குப் பட்டா கிடையாது; வழக்கமே பத்திரம். இன்று புல் முளைத்துக் கிடக்கும் நிலம் மூன்றாண்டு கழித்து உழுவதற்காக ஆறவிட்ட நிலமாக இருக்கும். விமானத்திலிருந்து பார்ப்பவனுக்கு அது தெரியாது.

கொரியாவைச் சொல்லிவிட்டு நம் வீட்டை விட்டுவிட்டால் நியாயமாகாது. எத்தியோப்பியாவின் கம்பெல்லா பகுதியில் 1,00,000 ஹெக்டேரை 50 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது யார்? பெங்களூரின் கருத்தூரி கம்பெனி! ரோஜாப்பூ விற்றுப் பெரிதானவர்கள். வாடகை ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 20 பிர். அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்றரை டாலர்கூட இல்லை. அனுவாக் மக்களும் நுயேர் மக்களும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூமி அது. பாரோ ஆறு எப்போது பெருகும் என்று அவர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். கேட்கவில்லை. 2011-ல் வெள்ளம் வந்து சோளத்தை அழித்தது. 2015 முடிவில் எத்தியோப்பிய அரசாங்கமே, நிலத்தில் மிகச் சிறு பகுதியைத்தான் பண்படுத்தினீர்கள் என்று கூறி ஒப்பந்தத்தை ரத்து செய்தது. உழுதவனையும் உழவிடவில்லை, தானும் உழவில்லை. இந்தியன் கம்பெனி என்பதற்காக நாம் இதற்கு மாலை போட முடியுமா?

2018 டிசம்பர் 17-ல் ஐ.நா. பொதுச்சபை குடியானவர் உரிமைப் பிரகடனத்தை நிறைவேற்றியது. நிலத்தின் மீது அவர்களுக்கு உரிமை உண்டு என்று அதன் 17-வது ஷரத்து கூறுகிறது. ஆதரவு 121, எதிர்ப்பு 8, நடுநிலை 54. எதிர்த்தவர்களில் அமெரிக்காவும் பிரிட்டனும் உண்டு, வியப்பில்லை. ஆனால் பிரகடனம் சட்டமன்று. அதைக் காட்டி எந்தக் கம்பெனியையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆகவே டில்லி சர்க்காரை நாம் கேட்கிறோம்: இங்கிருந்து வெளிநாட்டில் நிலம் எடுக்கப் போகும் ஒவ்வொரு கம்பெனியும் ஒப்பந்தத்தை முழுதாக வெளியிட வேண்டும், அவ்வூர் மக்களின் சம்மதத்தைக் காட்ட வேண்டும் என்று ஒரு சட்டம் கொண்டு வருவதில் என்ன தடை?